ஒரு பீப்பாயும் மூன்று சொற்களும்: ‘மொண்டோவினோ’ ஆவணப்படத்தை முன்வைத்து

அந்தக் குடும்பத்திடம் நான் முதலில் சொன்னது ஒரு பொய். சின்னக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டு, “ரொம்ப நல்லாருக்கு” என்றேன். உண்மையில் எனக்குப் பிடிக்கவில்லை. இனிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கசந்தது. பழைய அலமாரியைத் திறந்ததுபோல ஒரு வாடை. ஆனால் எதிரில் நின்றவர் எழுபது வயதுப் பாட்டி. பக்கத்தில் மகன். பின்னால் இருட்டில் சில பீப்பாய்கள். அந்த இடத்தில் ‘பிடிக்கல’ என்று எப்படிச் சொல்வது?

இது நடந்தது இத்தாலியின் சார்டினியா தீவில், மேற்குக் கரையிலுள்ள போசா என்ற சிற்றூரில். நான் வேலை செய்யும் தொழிற்சாலை புதிதாக ஒரு பொட்டல இயந்திரம் வாங்கியது. கப்பலில் ஏற்றும் முன் அதை ஓடவிட்டுச் சரிபார்க்க என்னைப் பொலோஞாவுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் நான்கு நாள் லீவு கிடைத்தது. உடன் வந்தவர்கள் வெனிஸுக்குப் போனார்கள். நான் விமானம் பிடித்து அல்கேரோவில் இறங்கி, கடலோர மலைப்பாதையில் பஸ் ஏறி போசாவுக்குப் போனேன். காரணம் ஒரு படம்.

ஜொனாதன் நோசிட்டர் இயக்கிய ‘மொண்டோவினோ’ 2004இல் வந்தது. கான் விழாவின் போட்டிப் பிரிவில் ஆவணப்படங்கள் இடம்பிடிப்பது அபூர்வம். அந்த வருடம் இது இடம்பெற்றது. ஸ்கூடாயில் படித்தபோது ஹாஸ்டல் அறையில் மடிக்கணினியில் பார்த்தேன். அன்றைக்கு ஒயினைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் குடி என்றால் ஒரே அர்த்தம்தான். அதை யாரும் ருசி என்று சொல்லிக் கேட்டதில்லை. இருந்தும் இரண்டே கால் மணி நேரம் அசையாமல் பார்த்தேன். பார்த்து முடித்தபோது உலகமே இரண்டாகப் பிரிந்துவிட்டது போலிருந்தது. ஒரு பக்கம் கலிபோர்னியாவின் மொண்டாவி நிறுவனம், நூற்றுக்கு மதிப்பெண் போடும் விமர்சகர் ராபர்ட் பார்க்கர், காரில் சுற்றிக்கொண்டே தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் மிஷேல் ரோலான். இன்னொரு பக்கம் நிலத்தோடு வாழும் சின்ன மனிதர்கள். அவர்களில் ஒருவர் போசாவின் பத்திஸ்தா கொலும்பு. வயதானவர், மல்வாசியா என்ற திராட்சையை வளர்த்து ஒயின் செய்கிறவர். அவசரமே இல்லாமல் பேசுவார். இருபத்தோரு வயதில் எனக்கு அவர் ஒரு ஞானி.

போசாவில் நான் போனது அவர் வீட்டுக்கு அல்ல. அதே திராட்சையை வைத்து அதே முறையில் ஒயின் செய்யும் வேறொரு குடும்பத்திடம். திரும்பி வந்தபின் படத்தை மறுபடி பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டாம் பார்வையிலிருந்து எழுதுவது.

*

‘மொண்டோவினோ’ மூன்று சொற்களின் மேல் நிற்கிறது. உள்ளூர், குடும்பம், சிறியது. படம் இவற்றை வரையறுக்கவில்லை. காமிரா இவற்றைப் பாசத்தோடு பார்க்கிறது, நாமும் அப்படியே பார்க்கிறோம். முதல்முறை நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாம் முறை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.

முதலில் ‘உள்ளூர்’. படத்தின் மையமான சண்டை தென் பிரான்சின் அனியான் என்ற கிராமத்தில் நடக்கிறது. மொண்டாவி நிறுவனம் அங்குள்ள காட்டு மேட்டில் திராட்சை பயிரிட வருகிறது. கிராமம் இரண்டுபடுகிறது. 2001இல் நடந்த தேர்தலில் திட்டத்தை எதிர்த்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் மேயராகிறார், அமெரிக்க நிறுவனம் பின்வாங்குகிறது. இந்த எதிர்ப்பின் முகமாகப் படத்தில் வருகிறவர் எமே கிபேர். கோபக்காரர், அழகாகப் பேசுகிறவர். மண்ணின் குரல் என்றே அவரை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கிபேர் அனியானுக்கு வெளியிலிருந்து வந்தவர். மில்லோ என்ற ஊரில் தோல், கையுறைத் தொழில் செய்த குடும்பம் அவருடையது. 1970களில் அனியானில் நிலம் வாங்கினார். நட்டது அந்தப் பகுதியின் பழைய திராட்சையை அல்ல; போர்தோவின் கேபர்னே சோவின்யோனை. 1978இல் வந்த முதல் சிவப்பு ஒயினுக்கு ஆலோசனை சொன்னவர் போர்தோ பேராசிரியர் எமில் பெய்னோ. அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய ஒயின் ஆலோசகர் அவர்தான். வெளியூர்க்காரர், வெளியூர்த் திராட்சை, நட்சத்திர ஆலோசகர். மொண்டாவியை எதிர்க்க அடுக்கப்பட்ட காரணங்கள் எல்லாம் கிபேர் மேலும் பொருந்தும். இதனால் அவர் போலி ஆகிவிடவில்லை. அவர் அங்கேயே தங்கினார், அந்த இடத்தைப் படித்தார், நல்ல ஒயின் செய்தார். ‘உள்ளூர்’ என்ற சொல் இதையெல்லாம் விளக்கவில்லை என்பதுதான் என் பிரச்சினை.

போசாவின் மல்வாசியாவும் அப்படித்தான். அந்தப் பெயரே கிரேக்கத்தின் மோனெம்வாசியா துறைமுகத்திலிருந்து வந்தது என்கிறார்கள். இதே திராட்சை சிசிலிக்குப் பக்கத்திலுள்ள லிப்பாரியிலும், குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்கிலும், ஸ்பெயினின் சிட்ஜெஸிலும் வேறு வேறு பெயர்களில் வளர்கிறது. மரபணுச் சோதனையில் எல்லாம் ஒரே கொடிதான். கப்பலேறி வந்து, இறங்கிய மண்ணில் வேர்பிடித்து, அந்த ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட கொடி. நம் கதையும் அதுதானே.

அடுத்தது ‘குடும்பம்’. இந்தப் படத்தில் யாருக்குத்தான் குடும்பம் இல்லை? மொண்டாவி ஒரு குடும்பம்: அப்பா ராபர்ட், மகன்கள் மைக்கேல், டிம். ஃபிளாரன்சின் அந்தினோரி 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் குடும்பம். படம் அந்தினோரியைப் பார்க்கும்போது பரம்பரைப் பணத்தையும் அதிகாரத்தையும் காட்டுகிறது. கொலும்புவைப் பார்க்கும்போது பரம்பரை ஞானத்தைக் காட்டுகிறது. ஒரே சொல், இரண்டு வெளிச்சம். இன்னொன்று. படம் வந்த 2004இன் இறுதியிலேயே மொண்டாவி நிறுவனம் கான்ஸ்டலேஷன் என்ற பெரும் மதுபான நிறுவனத்துக்குக் கைமாறியது. படம் பூதமாகக் காட்டிய குடும்பத்தை அதைவிடப் பெரிய பூதம் விழுங்கிவிட்டது. இன்று பார்க்கும்போது நாப்பா காட்சிகளில் ஓர் எதிர்பாராத சோகம் இருக்கிறது. படத்துக்கு அது அப்போது தெரியாது.

மூன்றாவது ‘சிறியது’. இதில்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. படத்தின் வில்லன் ராபர்ட் பார்க்கர் ஒரு வழக்கறிஞர். 1978இல் தன் வீட்டிலிருந்து ஒயினுக்கென ஒரு மடல் இதழ் தொடங்கினார். விளம்பரம் வாங்கமாட்டேன் என்றார். அதுவரை ஒயினைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதை விற்கவும் செய்தார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. விளம்பரமே இல்லாமல், சந்தாதாரர்களை மட்டும் நம்பி, யாருக்கும் பயப்படாமல் எழுதுவது. இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: சிற்றிதழ். 1982ஆம் ஆண்டின் போர்தோ ஒயின்களைத் துணிந்து கொண்டாடியபின் அந்தச் சிற்றிதழ்க்காரர் உலகச் சந்தையின் விலையை நிர்ணயிக்கிறவர் ஆனார். சிறியது சிறியதாகவே இருந்தால்தான் நல்லது என்றால், அது ஜெயிக்கும் நாளில் கெட்டதாகிவிடுமா?

*

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வருகிறது, மன்னிக்கவும்.

படத்தில் ரோலான் வரும் காட்சிகளில் ஒரு நகைச்சுவை உண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவர் சொல்கிற மருந்து ஒன்றுதான்: நுண் ஆக்சிஜனேற்றம். தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் ஆக்சிஜனை மிகச் சின்ன குமிழ்களாக, அளந்து செலுத்துவது. கரடுமுரடான சிவப்பு ஒயின் இதனால் சீக்கிரம் மென்மையாகும். ரோலான் சிரித்துக்கொண்டே அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல, படம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. ஹாஸ்டலில் நானும் சிரித்தேன்.

இந்த முறையைக் கண்டுபிடித்தது பெரிய நிறுவனம் இல்லை. தென்மேற்கு பிரான்சின் மதிரான் பகுதியில் திராட்சை வளர்த்த பத்ரிக் துகூர்னோ 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அங்கே விளையும் தன்னாத் திராட்சையின் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். அதைக் குடிக்கும்படி செய்வது அந்தப் பகுதி விவசாயிகளின் பிழைப்புப் பிரச்சினை. படம் கேலி செய்யும் ‘தொழிற்சாலை வித்தை’, தன் மண்ணின் சிக்கலுக்கு ஓர் உள்ளூர்க்காரர் கண்ட விடை.

போசாவின் பீப்பாயில் நடப்பது என்ன? அங்கேயும் ஆக்சிஜன்தான். பொதுவாக எந்த ஒயின் பீப்பாயையும் விளிம்புவரை நிரப்பி வைப்பார்கள், காற்றுப் பட்டால் கெட்டுவிடும். போசாவின் பழைய முறை நேரெதிர். பீப்பாயை நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுவார்கள். அந்த இடைவெளியில் ஒயினின் மேல் ஈஸ்ட் ஒரு வெள்ளைப் படலமாகப் படியும், ஆறிய பாலின் ஆடை மாதிரி. அது காற்று மொத்தமாகத் தாக்காமல் காக்கும், கூடவே ஒயினின் மணத்தையும் மாற்றும். வருடங்கள் போகும். நிறம் தங்கமாகும், வாசம் வால்நட், கசந்த பாதாம் பக்கம் போகும். நான் பழைய அலமாரி என்று நினைத்தது அதைத்தான்.

ஆக இரண்டு இடத்திலும் ஒரே வேதியியல். ஓரிடத்தில் மீட்டர் வைத்துச் சில மாதங்கள், இன்னோரிடத்தில் மூக்கை வைத்துச் சில வருடங்கள். இந்த வித்தியாசம் சின்னதில்லை, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் படம் ஒன்றை நகைச்சுவையாகவும் மற்றதைப் பிரார்த்தனையாகவும் படம்பிடித்தபோது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் உண்மையான கேள்வியைத் தவறவிட்டது. போதும், போதாது என்று யார் முடிவெடுக்கிறார்கள்? எதை வைத்து?

*

போசாவுக்குத் திரும்புகிறேன்.

நான் ‘ரொம்ப நல்லாருக்கு’ என்றதை மகன் மொழிபெயர்த்தார். பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். மகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “என்ன ருசி தெரியுதுன்னு அம்மா கேக்குறாங்க.”

என்னிடம் பதில் இல்லை. வாயைத் திறந்தால் வரக்கூடிய சொற்கள் எல்லாம் படத்திலிருந்து வந்தவை: மண், வேர், பாரம்பரியம், உழைப்பு. எதுவும் நாக்கிலிருந்து வந்ததில்லை. கடைசியில் “கசப்பு” என்றேன். “அப்புறம் கொட்டை மாதிரி ஏதோ.”

பாட்டியின் முகம் மாறியது. கோபமாக இல்லை, வேலை ஆரம்பித்துவிட்ட முகம். என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மோந்து பார்த்தார். மகனிடம் எதையோ வேகமாகச் சொன்னார். பக்கத்துப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து வேறு கோப்பையில் கொடுத்தார். அதே வருடம், அதே தோட்டம். ஆனால் வேறு ஒயின். இதிலும் கசப்பு இருந்தது, ஆனால் கடைசியில் வந்து நின்று மெதுவாகப் போனது. முதல் கோப்பையில் கசப்பு மட்டும்தான் இருந்தது.

“அந்தப் பீப்பா சரியா வரல,” என்றார் மகன். “படலம் ஒழுங்கா பிடிக்கல. அதை விக்கமாட்டோம். நீங்க பிடிச்சிருக்குன்னு சொன்னா அம்மா என்ன பண்றதுன்னு பாத்தாங்க.”

பாட்டி என்னைச் சோதித்தாரா, இல்லை கிடைத்த வெளிநாட்டுக்காரனிடம் தன் சந்தேகத்தைச் சரிபார்த்துக்கொண்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த இருட்டறையில் ஒரு விமர்சகர் இருந்தார், அவர் நானில்லை. தன் கையால் செய்ததை, தன் வீட்டுப் பெயர் ஒட்டப்போவதை, ‘இது சரியா வரல’ என்று சொல்லக்கூடியவர். நான் அவருக்கு இரக்கத்தைக் கொடுக்கப் போனேன். அவர் கேட்டது நாக்கை.

‘மொண்டோவினோ’வில் எனக்கு இல்லாமல் போன காட்சி இதுதான். படம் முடிந்தபின் கொலும்புவின் முகம் நினைவில் இருந்தது, நடை நினைவில் இருந்தது. அவர் எந்தப் பீப்பாயை வேண்டாம் என்று ஒதுக்குவார் என்பது எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் எல்லாருக்கும் படம் தவறு செய்ய இடம் கொடுக்கிறது. உளறுகிறார்கள், மழுப்புகிறார்கள், நாய்களோடு மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் அவர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள். சின்னவர்களுக்குச் சரியாக இருக்க மட்டுமே இடம் இருக்கிறது. அது மரியாதை மாதிரி தெரியும், ஆனால் யாருடைய வேலையை நாம் எடைபோடவே மாட்டோமோ அவரை நாம் சமமாக நினைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினேன். ஒன்று இருபத்தைந்து யூரோ. நம் நாட்டுக்குள் வரியில்லாமல் ஒரு லிட்டர் வரைதான் கொண்டுவரலாம் என்ற கணக்கும் அதில் உண்டு.

*

என் தாத்தா பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர். கள் குடிப்பார். எங்கள் குடும்பத்தில் அதைப் பேசுவதென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கள்ளுக்கடை தோட்டத்து வீடுகளில் என்ன செய்தது என்று நம் எழுத்தாளர்கள் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். ஆனால் அம்மா ஒருமுறை சொன்ன சின்ன விஷயம் போசாவிலிருந்து வந்தபின் அடிக்கடி ஞாபகம் வருகிறது. கள் சில மணி நேரத்தில் புளிக்கும், மறுநாள் காடிதான். தாத்தா குவளையை மூக்குக்குப் பக்கம் கொண்டுபோய், “இது காலைல இறக்குனது இல்ல” என்று சொல்லித் தரையில் ஊற்றிவிடுவாராம். கள் இறக்கியவர் அவருடைய பங்காளி. மறுநாள் அவரிடமேதான் போய் நிற்பார். நம்ம ஆளு இறக்கியது, அதனால் நல்லது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் சொல்லியிருக்கிறேன், கள்ளைப் பற்றி இல்லை, புத்தகத்தைப் பற்றி.

நம் ஊர் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மண்டபம், மாலை, முதல் நூல் பெறுகிறவர், வரிசையில் நின்று கவரில் வெள்ளியைக் கொடுத்துப் புத்தகம் வாங்கிக்கொள்வது. என் அலமாரியில் அப்படி வாங்கியவை பதினொன்று இருக்கின்றன. ஏழை நான் பிரிக்கவே இல்லை. ஒன்று எனக்கு நன்கு தெரிந்த ஓர் அண்ணன் எழுதிய சிறுகதைத் தொகுப்பு. இரண்டு வருடம் முன்பு அவர் “படிச்சியா?” என்று கேட்டார். “நல்லாருக்குண்ணே,” என்றேன். அவரும் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. என்ன ருசி தெரிந்தது என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? உள்ளூர் இலக்கியம், நம்ம குடும்பம், சிறிய முயற்சி. அதே மூன்று சொற்கள்.

மலேசியத் தமிழில் எழுதுவது சிரமமான வேலை, வாங்க ஆள் இல்லை, அச்சுக்கூலி கையிலிருந்து போகிறது. எல்லாம் உண்மை. அதனால் வாங்குவோம், வாங்கத்தான் வேண்டும். பணம் கொடுப்பதோடு கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு. போசாவின் மல்வாசியாவுக்கு 1972இலேயே ஊர்ப்பெயர்ச் சான்று கிடைத்துவிட்டது. அந்த முத்திரை மட்டும் ஒரு பீப்பாயைக்கூட நல்லதாக்காது. அதைச் செய்வது, ‘இது சரியா வரல’ என்று அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவர் சொல்வதுதான். வீட்டுக்குள் சொல்ல ஆளில்லாவிட்டால் வெளியிலிருந்து பார்க்கர் வந்து நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டுவிட்டுப் போவார். அப்புறம் புலம்பிப் பயனில்லை.

முதல் பாட்டிலைக் கிள்ளானில் நண்பர்களோடு திறந்தேன். இரண்டு பேர் உடனே “நல்லாருக்குடா” என்றார்கள், இத்தாலியிலிருந்து தூக்கி வந்திருக்கிறேனே என்ற மரியாதையில். என்ன ருசி தெரியுது என்று கேட்டேன். மேசை அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி, “கோபப்படாத. மூடி வச்ச நல்லெண்ணெய் டப்பாவத் திறந்த மாதிரி இருக்கு. எனக்குப் பிடிக்கல, ஆனா இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றாள். அன்றைக்கு அந்த ஒயினைப் பற்றிச் சொல்லப்பட்டதில் அதுதான் சரியான வாக்கியம்.

இரண்டாவது பாட்டில் அப்படியே இருக்கிறது. அண்ணனின் தொகுப்பை இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு கதைகளில் எட்டு முடித்தேன். மூன்று சரியாக வரவில்லை. ஒன்று, ஐந்தாவது கதை, இரண்டு நாளாக என்னை விடவில்லை. அவருக்கு ஃபோன் செய்து அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பாட்டிலையும் எடுத்துப் போகிறேன். முதலில் கதைகளைப் பேசுவோம். அதற்குப் பிறகும் அவர் என்னை உட்காரச் சொன்னால், திறப்போம்.